எண்டர் தட்டுனா சம்மதம்னு அர்த்தமா? டெர்மினல்ல கேள்வி கேக்குறதப் பத்தி

திருவொத்தியூர்ல இருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது, சுருக்கி சொல்றேன். கடைங்களோட பில்லிங் டேட்டாவ தினமும் பேக்கப் எடுக்குற ஒரு சின்ன கமாண்ட் லைன் டூல் (டெர்மினல்ங்கிற கருப்பு ஸ்கிரீன்ல கமாண்ட் டைப் பண்ணி ஓட்டுறது) எழுதியிருக்காரு. மொத தடவ ஓட்டும்போது "யூசேஜ் டேட்டா அனுப்பி டூல மேம்படுத்த உதவுறீங்களா?"ன்னு ஒரு கேள்வி வரும், பக்கத்துல அடைப்புக்குள்ள பெரிய ஒய், சின்ன என், அதாவது சும்மா எண்டர் தட்டுனா ஆமான்னு எடுத்துக்கும். "கேட்டுட்டுத்தானே அனுப்புறேன், கேக்காமலே அனுப்புறவங்கள விட நான் பரவால்லதானே, ஆனா கூட வேலை செய்றவங்க இது சம்மதமே இல்லன்றாங்க, என்னதான் தப்பு?"ன்னு கேட்டிருக்காரு.

கூட வேலை செய்றவங்க சொல்றதுதான் சரி தம்பி. ஏன்னு சொல்றதுக்கு முன்னாடி நான் பண்ண ஒரு கூத்த சொல்லிடுறேன், ஏன்னா இந்த விஷயம் எனக்கு புக்கு படிச்சு வந்த அறிவு இல்ல, அடி வாங்கி வந்தது.

ஏழெட்டு வருஷம் முன்னாடி, பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல ஒரு ஜவுளிக் கடைக்கு ஸ்டாக் வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். டேட்டாபேஸ் பெருத்துப்போய் பில் போடவே ரொம்ப நேரம் இழுக்குதுன்னு மொதலாளி திட்டிக்கிட்டே இருந்தாரு, சரின்னு பழைய வருஷ என்ட்ரிய எல்லாம் அழிக்கிற மாதிரி ஒரு பைத்தான் ஸ்க்ரிப்ட் எழுதினேன். கடைசில ஒரே ஒரு கேள்வி, "தொடரலாமா?", எண்டர் தட்டுனா ஆமா. நான் வியாசர்பாடில வீட்ல உக்காந்துக்கிட்டு ரிமோட்ல அந்த கடை கம்ப்யூட்டர்ல நுழைஞ்சு, மத்தியானம் சாப்பாட்டு நேரம் கவுண்டர்ல ஆள் இருக்க மாட்டாங்கன்னு ஸ்க்ரிப்ட ஓட்டினேன். கேள்வி வந்து நின்னுச்சு. தேதி சரியா குடுத்தோமான்னு ஒரு சந்தேகம், நோட்டுல எழுதி வச்சத பாத்துட்டு வருவோம்னு எந்திரிச்சுப் போனேன், அவ்ளோதான். அதுக்குள்ள பில்லிங் அக்கா சாப்ட்டு வந்து குந்திட்டாங்க, ஆடித் தள்ளுபடி நேரம், கஸ்டமர் நிக்கிறாங்க, ஸ்கிரீன்ல இன்னா ஓடுதுன்னு யாரு பாக்குறது, கைல இருந்த நைட்டிய எடுத்து ஸ்கேனர்ல காட்டிட்டாங்க.

பார்கோடு ஸ்கேனர் எப்படி வேலை செய்யும்னு தெரியாதவங்களுக்காக சொல்றேன், கடைங்கள்ல இருக்குற யூஎஸ்பி ஸ்கேனர் பெரும்பாலும் கம்ப்யூட்டரப் பொறுத்தவரைக்கும் ஒரு கீபோர்டுதான். கோட்ல இருக்குற நம்பர மளமளன்னு டைப் பண்ணும், கடைசில ஒரு எண்டர் தட்டும். எந்த விண்டோ முன்னாடி இருக்கோ அதுக்குள்ள போய் விழும். என் கேள்விதான் முன்னாடி இருந்துச்சு.

சரி, நம்பர் வந்தா தப்பான பதில்னு நின்னிருக்கணும்ல? நிக்கல. ஏன்னா நான் எழுதின கண்டிஷன் "பதில் என்-னா நிறுத்து, மத்தபடி நடத்து". அப்புறம் லாக்க தொறந்து பாத்தா "பதில்: 104417"ன்னு இருக்கு. ஒரு நைட்டி எனக்கு சம்மதம் சொல்லியிருக்கு, நானும் சரின்னு அழிச்சிருக்கேன். சந்தேகப்பட்டேன் பாருங்க தேதி, அதுவும் தப்புதான், அந்த மாசத்து என்ட்ரியும் சேந்து போச்சு. பேக்கப் மூணு நாள் பழசு. மூணு நாள் பில் காப்பிய குமிச்சு வச்சுக்கிட்டு நானும் அந்த அக்காவும் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கையால ஏத்தினோம், "இன்னா தம்பி, நான் துணிய காட்னா உன் மிஷினு கணக்க தொடச்சிடுமா?"ன்னு கேட்டாங்க பாருங்க, அதுக்கு இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட நல்ல பதில் இல்ல.

இதுல ரெண்டு தப்பு இருக்கு, தனித்தனியா பாக்கணும். ஒண்ணு, எண்டர் கீ. எண்டர்ங்கிறது டெர்மினல்ல வாழுறவனுக்கு கண்ணு சிமிட்டுற மாதிரி, யோசிச்சு தட்டுறதில்ல. முந்தின கமாண்ட் லேட்டாச்சுன்னா செத்துப்போச்சா உயிரோட இருக்கான்னு பாக்க ரெண்டு எண்டர் தட்டுவோம், அந்த ரெண்டும் பஃபர்ல காத்துக்கிட்டு இருந்து அடுத்து வர்ற கேள்விக்கு பதிலா போய் உக்காரும். கேள்விய ஸ்கிரீன்ல காட்டுறதுக்கு முன்னாடியே பதில் வந்துடுச்சு, படிச்சவன் யாரும் இல்ல. ரெண்டாவது தப்பு இன்னும் மோசம், புரியாத பதில எல்லாம் ஆமான்னு எடுத்துக்கிட்டது. ஸ்பெல்லிங் மிஸ்டேக், பக்கத்து கீ, காப்பி பேஸ்ட் பண்ணும்போது கூட வந்த குப்பை, நைட்டி, எல்லாம் ஆமா. ஆமான்னு தெளிவா சொன்னா மட்டும் நடத்து, புரியலன்னா இன்னொரு தடவ கேளு, அப்பவும் புரியலன்னா எதையும் தொடாம வெளிய வா, இப்படித்தான் இருக்கணும். இத நான் எழுதினப்போ எதிர்ல இருக்குற ஆள் வேணாம்னு சொல்லலாம்ங்கிற நெனப்பே எனக்கு இல்ல, கேள்விங்கிறது சும்மா ஒரு சம்பிரதாயம், ஸ்பீடு பிரேக்கர் மாதிரி. உங்க டூல்லயும் அதுதான் நடக்குதுன்னு நெனைக்கிறேன்.

உடனே நீங்க கேப்பீங்க, "உபுண்டுல சாஃப்ட்வேர் போடுற ஆப்ட் கமாண்ட் கூடத்தான் பெரிய ஒய் போட்டு கேக்குது, அது மட்டும் சரியா?"ன்னு. நல்ல கேள்விதான், இங்கதான் விஷயமே இருக்கு. ஆப்ட் இன்ஸ்டால்னு அடிச்சது யாரு? நீங்க. நீங்க கேட்ட ஒரே ஒரு பேக்கேஜ் மட்டும் போட்டா போதும்னா ஆப்ட் கேள்வியே கேக்காது, பாத்திருப்பீங்க, நேரா போட்டுடும். கூடவே நாலு டிபெண்டன்சி, அதாவது அது ஓட தேவையான வேற பேக்கேஜ், இழுத்துக்கிட்டு வருது, இல்ல எதையாச்சும் எடுக்க வேண்டியிருக்குன்னாதான் லிஸ்ட காட்டி, எவ்ளோ டவுன்லோடு, டிஸ்க்ல எவ்ளோ இடம் பிடிக்கும்னு சொல்லி, தொடரலாமான்னு நிக்கும். அந்த வேலை உங்களுக்காக, நீங்க சொல்லி, நீங்க ஆரம்பிச்சது. அங்க எண்டர்னா ஆமான்னு வச்சா அது உங்க விருப்பத்த ஊகிக்கிறது. யூசேஜ் டேட்டா அனுப்பச் சொல்லி கடைக்காரர் யாராச்சும் கமாண்ட் அடிச்சாங்களா? அவர் அடிச்சது பேக்கப் எடுக்க. நடுவுல புகுந்து உங்களுக்கு வேண்டிய ஒண்ண கேக்குறீங்க. உங்களுக்கு வேண்டியத கேக்கும்போது டீஃபால்ட் வேணாம்னுதான் இருக்கணும், அவருக்கு வேண்டியத கேக்கும்போது ஆமான்னு வச்சுக்கலாம், அதுவும் திருப்ப முடியாத வேலையா இல்லன்னா மட்டும்.

பிரியாணிக் கடைல பாத்திருப்பீங்களே, "சார் கூட ஒரு 65 வச்சிடவா"ன்னு வாய் கேக்கும்போதே கை இலைல வச்சிடும். நீங்க ஒண்ணும் சொல்லல, சாப்ட்டீங்க, பில்லுல வந்துச்சு. அவர் கேக்கவே இல்லன்னு சொல்ல முடியாது, கேட்டாரு. ஆனா அதே ஆளு "சார் கத்திரிக்கா தொக்கு கொஞ்சம் ஊத்தவா"ன்னு அதே மாதிரி ஊத்தினா நமக்கு கோவம் வருதா? வராது, அது பிரியாணியோட வர்றது. கை ஒரே மாதிரிதான் போகுது, யாருக்காக போகுதுங்கிறதுலதான் வித்தியாசம்.

இந்த சண்டை பெரிய பெரிய டூல்லயே நடந்திருக்கு. டெபியன்ங்கிற லினக்ஸோட இன்ஸ்டாலர்ல பாப்புலாரிட்டி கான்டெஸ்ட்னு ஒரு பேக்கேஜ் வரும், எந்தெந்த சாஃப்ட்வேர அதிகம் யூஸ் பண்றாங்கன்னு எண்ணுறதுக்கு. அது கேள்வி கேக்கும், டீஃபால்ட் வேணாம். அப்படி வச்சும் இத்தன வருஷமா அவங்களுக்கு வேண்டிய அளவுக்கு நம்பர் வந்துக்கிட்டுதான் இருக்கு. மேக்ல சாஃப்ட்வேர் போடுற ஹோம்ப்ரூ வேற ரூட்டு, 2016ல கூகுள் அனலிட்டிக்ஸ் மூலமா எடுக்க ஆரம்பிச்சாங்க, டீஃபால்ட்டா ஆன், வேணாம்னா நாமதான் நிறுத்தணும். கடுப்பானவங்க நிறைய பேரு. 2023ல கூகுள விட்டுட்டு ஐரோப்பால இருக்குற சர்வர்ல ஓடுற இன்ஃப்ளக்ஸ்டிபி டேட்டாபேஸுக்கு மாறினாங்க, ஆனா இன்னைக்கும் டீஃபால்ட் ஆன்தான். ஒண்ணு மட்டும் நியாயமா சொல்லணும், மொத தடவ அறிவிப்ப காட்டுற ரன்ல எதையும் அனுப்ப மாட்டாங்க, நிறுத்தணும்னா ப்ரூ அனலிட்டிக்ஸ் ஆஃப்னு ஒரே கமாண்ட்.

எனக்கு ரொம்ப பிடிச்ச கதை கோ-ங்கிற ப்ரோக்ராமிங் மொழியோடது. 2023 பிப்ரவரில ரஸ் காக்ஸ், அப்போ கோ டீமோட தலை, கோ டூலுங்கள்ல டெலிமெட்ரி, அதாவது யூசேஜ் டேட்டா சேத்து அனுப்புற ஏற்பாடு, வைக்கலாம்னு ஒரு பிளான் போட்டாரு. நல்லா யோசிச்ச பிளான்தான், ஆள அடையாளம் காட்டுற எதுவும் இல்ல, சேக்குற டேட்டா எல்லாம் பப்ளிக்கா வைக்கலாம்னாங்க, ஆனா டீஃபால்ட் ஆன். ஜனங்க விடல, பிச்சு எடுத்துட்டாங்க. அவரும் பிடிவாதம் பிடிக்காம அதே மாசத்துலயே, சரி விருப்பப்பட்டவங்க மட்டும் ஆன் பண்ணட்டும்னு மாத்தினாரு. 2024 ஆகஸ்ட்ல 1.23 வெர்ஷனோட வந்துச்சு, டீஃபால்ட்டா கணக்கு உங்க மிஷின்லயே இருக்கும், கோ டெலிமெட்ரி ஆன்னு நீங்களா அடிச்சாத்தான் வெளிய போகும். இதுல கவனிங்க, அவங்க இன்ஸ்டால் பண்ணும்போது மறிச்சு கேள்வி கேக்கவே இல்ல. கேக்காம இருக்குறதும் ஒரு வழி. நிறைய பேரு இத யோசிக்கிறதே இல்ல, பிராம்ப்ட், அதாவது இந்தக் கேள்விய, எப்படி நல்லா எழுதலாம்னு மண்டைய உடைச்சுக்குவாங்க, பிராம்ப்ட் வேணுமான்னு கேக்க மாட்டாங்க.

சட்டம் பேச ஆரம்பிச்சா தூக்கம் வந்துடும், ரெண்டே வரி. ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் 2019 அக்டோபர்ல, முன்னாடியே டிக் போட்டு வச்ச பெட்டிய யூசர் எடுக்காம விட்டா அது சம்மதம் ஆகாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு, பெரிய ஒய் போட்ட பிராம்ப்ட் அந்தப் பெட்டிக்கு அண்ணன் தம்பி முறைதான். நம்ம ஊர்ல 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தெளிவா செஞ்சு காட்டுற சம்மதம்தான் கேக்குது, அதோட குடுக்குறது எவ்ளோ ஈசியோ திருப்பி வாங்குறதும் அவ்ளோ ஈசியா இருக்கணும்குது.

திருப்பி வாங்குறதுன்னா என்ன? குடுக்கும்போது ஒரு எண்டர், நிறுத்தணும்னா டாக்குமென்டேஷன்ல நாலாவது பக்கத்துல இருக்குற பேரே வாய்ல நுழையாத என்விரான்மென்ட் வேரியபிள (டூலு ஓடும்போது படிக்கிற ஒரு செட்டிங்) பாஷ் ஃபைல்ல போய் எழுதணும்னா, அது டபாய்க்கிறது. ஒரு சப்கமாண்ட் வைங்க, டெலிமெட்ரி ஆன், ஆஃப், இப்ப என்ன நிலைமைன்னு பாக்க ஸ்டேட்டஸ். வேரியபிளும் இருக்கட்டும், சர்வர்ல வேலை செய்றவங்களுக்கு அதுதான் சவுரியம். டூ நாட் ட்ராக்னு ஒரு பொதுவான வேரியபிள் பேரு கூட ஓடிக்கிட்டு இருக்கு, ஒண்ணுன்னு அத செட் பண்ணி வச்சிருந்தா எந்த டூலும் ட்ராக் பண்ணக் கூடாதுங்கிற எண்ணத்துல, எல்லாரும் மதிக்கிறதில்ல. நீங்க மதிங்க. அது செட் ஆகியிருந்தா அந்த ஆளு ஏற்கெனவே பதில் சொல்லிட்டாரு, மறுபடி கேள்வியே கேக்காதீங்க.

வேணாம்னு சொன்னத ஞாபகம் வச்சுக்கிறதுதான் இதுல பாதி மரியாத. நிறைய டூலு ஆமாவ மட்டும் கான்ஃபிக் ஃபைல்ல எழுதும், வேணாம எழுதாது, அதனால ஒவ்வொரு அப்டேட்டுக்கும் மறுபடி கேக்கும், பத்தாவது தடவ நாமளே சனியன் தொலையுதுன்னு ஒய் அடிச்சிடுவோம், அப்போ அவங்க அத சம்மதம்னு கணக்குல எழுதிக்குவாங்க. "இப்ப வேணாம், அப்புறம்"னு ஒரு ஆப்ஷன் வச்சுட்டு "எப்பவும் வேணாம்" வைக்காம விடுறதும் இதே கேசுதான், கடன் கேட்டு வர்ற ஆளு "சரி நாளைக்கு வர்றேன்"னு சொல்லிட்டுப் போற மாதிரி. அனுப்புற விஷயமே மாறினா, அதாவது முன்னாடி எரர் மட்டும், இப்ப ஃபைல் பேரும் வேணும்னா, அப்ப மறுபடி கேளுங்க, கேட்டே ஆகணும். மத்தபடி வாய மூடிக்கிட்டு பேக்கப் எடுங்க.

இப்போ எதிர்ல ஆளே இல்லாத கேசு. உங்களோடது பேக்கப் டூல், ராத்திரி க்ரான்ல, அதாவது குறிச்ச நேரத்துல கமாண்ட தானா ஓட்டுற ஏற்பாட்டுல, ஓடப்போகுது, அங்க கேள்வி கேட்டா யாரு பதில் சொல்றது? இன்புட்ட படிச்சா உடனே ஃபைல் முடிஞ்சிடுச்சுன்னு வரும், பைத்தான்ல அது ஒரு எரரா விழும், நம்மாளுங்க அத ட்ரை எக்ஸெப்ட்ல பிடிச்சு "சரி டீஃபால்ட்ட எடுத்துக்கோ"ன்னு எழுதிடுவாங்க, டீஃபால்ட் ஆமாவா இருந்தா, முடிஞ்சது, ராத்திரி ரெண்டு மணிக்கு காலி ரூம் சம்மதம் குடுத்துடுச்சு. ஐஸ்-ஏ-டிடிஒய் ஃபங்ஷன கூப்ட்டு எதிர்ல டெர்மினல் இருக்கான்னு மொதல்ல பாருங்க. இல்லன்னா டெலிமெட்ரி கேள்விய கேக்கவும் வேணாம், அனுப்பவும் வேணாம், ஆமா வேணாம் எதையும் சேவ் பண்ணவும் வேணாம், அடுத்து மனுஷன் வந்து ஓட்டும்போது கேட்டுக்கலாம். அழிக்கிற வேலையா இருந்தா எரர் சொல்லி வெளிய வந்துடணும், எந்த ஃப்ளாக், அதாவது கமாண்டோட சேத்து அடிக்கிற ஆப்ஷன், போட்டா நடக்கும்னு அந்த எரர்லயே சொல்லணும். கண்ட்ரோல் சி அடிச்சாலும் கண்ட்ரோல் டி அடிச்சாலும் வேணாம்னுதான் அர்த்தம், அதுல வாதமே கிடையாது.

கர்ல் போட்டு ஷெல்லுக்குள்ள பைப் பண்ற, அதாவது நெட்டுல இருந்து ஸ்க்ரிப்ட இறக்கி அப்படியே ஓட்டுற, இன்ஸ்டாலர் எழுதினா இன்னொரு கண்ணி இருக்கு, அங்க இன்புட்டே ஸ்க்ரிப்ட்தான், நீங்க ரீட்னு போட்டா யூசரோட பதிலுக்கு பதிலா ஸ்க்ரிப்டோட அடுத்த வரிய முழுங்கிடும். ரஸ்ட் மொழியோட இன்ஸ்டாலர் ரஸ்ட்அப் இத ஒழுங்கா பண்ணுது, டெவ் டிடிஒய்-ல, அதாவது யூசரோட டெர்மினல்ல, இருந்து நேரா படிச்சு, இப்படியே போடவா, மாத்தணுமா, வேணாமான்னு மூணு சாய்ஸ் குடுத்துட்டு நிக்கும்.

டேஷ் ஒய் ஃப்ளாக் பத்தி ஒரு வார்த்த. யூசர் டேஷ் ஒய் போட்டாருன்னா, அவர் அடிச்ச வேலைக்கு வர்ற கேள்விக்கெல்லாம் ஆமான்னு சொல்லியிருக்காரு, உங்க டெலிமெட்ரிக்கு இல்ல. வீட்டுக்காரம்மா கொத்தனார்கிட்ட "சரிப்பா, நீயே பாத்து பண்ணிடு"ன்னா அது சுவத்துக்கு சொன்னது, பீரோவ தொறக்க சொன்னது இல்ல. யெஸ்னு ஒரு யூனிக்ஸ் கமாண்டே இருக்கு, சாகுற வரைக்கும் ஒய் ஒய்னு துப்பிக்கிட்டே இருக்கும், கேள்வி கேட்டு கேட்டு ஜனங்கள எவ்ளோ வெறுப்பேத்தியிருந்தா அப்படி ஒரு கமாண்ட் பொறந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

ஆபத்தான வேலைக்கு மட்டும் கேள்விய கொஞ்சம் கஷ்டமாக்கலாம். சர்வர் மாதிரி விஷயங்கள உருவாக்குற டெர்ராஃபார்ம் டூல்ல அப்ளை பண்ணா என்னென்ன உருவாகும், என்னென்ன அழியும்னு முழு பட்டியலும் காட்டிட்டு, முழுசா யெஸ்னு டைப் பண்ணாத்தான் ஏத்துக்கும், ஒய் மட்டும் அடிச்சா கேன்சல். கிட்-ல சேக்காத ஃபைல அழிக்கிற கிட் க்ளீன் கமாண்ட் இன்னும் ஒரு படி மேல, டேஷ் எஃப் போடாம அடிச்சா மாட்டேன்னுடும், டேஷ் என் போட்டா எதெல்லாம் போகும்னு காட்ட மட்டும் செய்யும். ஃபைல் அழிக்கிற ஜிஎன்யூ ஆர்எம் கமாண்ட்ல சின்ன ஐ போட்டா ஒவ்வொரு ஃபைலுக்கும் கேக்கும், நூறு ஃபைல்னா நூறு தடவ, பத்து தாண்டினதும் கை தானா ஒய் ஒய்னு போகும். பெரிய ஐ போட்டா மூணு ஃபைலுக்கு மேல போனாலோ ஃபோல்டரோட அழிச்சாலோ ஒரே ஒரு தடவ கேக்கும், எனக்கு அதான் சோக்கா இருக்கு.

ஆனா டைப் பண்ண வச்சுட்டா மட்டும் படிச்சுடுவாங்கன்னு நம்பாதீங்க. 2021 நவம்பர்ல ஒரு பிரபல யூடியூபர் பாப் ஓஎஸ்ங்கிற லினக்ஸ்ல ஸ்டீம்ங்கிற கேம் ஆப்ப இன்ஸ்டால் பண்ணப் போனாரு, பேக்கேஜ்ல ஒரு கோளாறு, ஸ்டீம் போடணும்னா மொத்த டெஸ்க்டாப்பையும் எடுக்கணும்னு ஆப்ட் சொல்லுச்சு, "ஆமா, நான் சொல்றபடி செய்"ங்கிற அர்த்தத்துல ஒரு முழு இங்கிலீஷ் வாக்கியத்த ஆச்சரியக்குறியோட டைப் பண்ணச் சொல்லி கேட்டுச்சு. அவரும் டைப் பண்ணாரு, டெஸ்க்டாப் போச்சு, லட்சக்கணக்கான பேரு பாத்தாங்க. படிக்காம அடிச்சாருன்னு கலாய்ச்சவங்க நிறைய, ஆனா அந்த எச்சரிக்கை நீளமான பேக்கேஜ் பட்டியலுக்கு நடுவுல புதைஞ்சு கிடந்துச்சு, அவர் மனசுல இருந்தது கேம் வேணும்ங்கிறது மட்டும்தான். அதுக்கப்புறம் ஆப்ட் கமாண்ட்ல அந்த கேள்வியவே எடுத்துட்டாங்க, முக்கியமான பேக்கேஜ எடுக்கணும்னா தனி ஃப்ளாக் தெரிஞ்சு போடணும். தூரத்து கம்ப்யூட்டர்ல நுழைய உதவுற எஸ்எஸ்ஹெச், புது சர்வர்ல நுழையும்போது அந்த சர்வரோட கைரேகைய (அதோட அடையாளக் குறிய) காட்டி யெஸ்னு முழுசா அடிக்கச் சொல்லுமே, நெஞ்சத் தொட்டு சொல்லுங்க, எத்தன தடவ அந்த கைரேகைய ஒப்பிட்டுப் பாத்திருக்கீங்க?

காட்டிட்டு கேக்குறதுக்கு எனக்குத் தெரிஞ்சு காசிமேட்டுல மீன் வெட்டுற அக்காங்கதான் டாப்பு. வஞ்சிரத்த எடுத்து பலகைல போட்டு, கத்திய மீன் மேல சும்மா வச்சு, "இந்த மொத்தம் போதுமாண்ணா, இன்னும் மெலிசா வோணுமா"ன்னு கேப்பாங்க. கத்தி எங்க விழப்போகுதுன்னு நம்ம கண்ணுக்கு தெரியுது, இன்னும் விழல. கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னா தள்ளி வைப்பாங்க. "தலை வோணுமா, எடுத்துடவா"ன்னு அத தனியா கேப்பாங்க, ரெண்டையும் ஒரே கேள்வில முடிச்சுப் போட மாட்டாங்க. காத்தால நாலு மணி கூட்டத்துலயும் இந்த ரெண்டு கேள்விய கேக்காம நான் பாத்ததில்ல, ஏன்னா வெட்டினத ஒட்ட வைக்க முடியாதுன்னு அவங்களுக்குத் தெரியும். ட்ரை ரன்னுன்னா, அதாவது செய்யாம என்ன நடக்கும்னு மட்டும் காட்டுறதுன்னா, அதுதான் தம்பி.

தனித்தனியா கேக்குறதுக்கு டூல்லயும் ஒரு நல்ல உதாரணம் உண்டு, வெப்சைட்டுக்கு பாதுகாப்பு சர்டிஃபிகேட் வாங்கித் தர்ற செர்ட்பாட். மொதல்ல விதிமுறைக்கு சம்மதமான்னு கேக்கும், அது இல்லாம சர்டிஃபிகேட் கிடைக்காது. அப்புறம் தனியா, உங்க ஈமெயில, அந்த டூல எழுதுற டிஜிட்டல் உரிமை அமைப்பான ஈஎஃப்எஃப்-க்கு குடுக்கலாமான்னு கேக்கும், ஏன் கேக்குறோம், என்ன மெயில் வரும்னு சொல்லி. வேணாம்னு சொன்னாலும் சர்டிஃபிகேட் அதே மாதிரி வரும், மூஞ்சிய தூக்கி வச்சுக்காது.

மொழி விஷயம் ஒண்ணு பாக்கி. தமிழ்ல கேள்வி வைக்கிறீங்கன்னா எதிர்மறைல கேக்கவே கேக்காதீங்க. "டேட்டா அனுப்ப வேணாமா?"ன்னு கேட்டா நம்மாளு "ஆமா"ன்னுவாரு, அதாவது ஆமா, வேணாம். உங்க கோடு ஆமாவ பாத்து அனுப்பிடும். இங்கிலீஷ்ல இருக்குற மெசேஜ அப்படியே தமிழாக்கி வச்சவங்க எத்தன பேரு இதுல மாட்டியிருக்காங்க தெரியுமா. ஆப்ஷன் பேருலயே வேலைய சொல்லிடுங்க, "அனுப்பு", "அனுப்பாத"ன்னு. அப்புறம் "மேம்படுத்த உதவுறீங்களா"ங்கிற வார்த்தைய தூக்கிப் போடுங்க. யாரு ஒருத்தர் உதவி கேட்டா முடியாதுன்னு சொல்லுவாங்க, வேணாம்னு சொல்றவன கல்நெஞ்சக்காரனா காட்டுற கேள்வி அது. என்ன போகுது, எங்க போகுதுன்னு சொல்லுங்க, போதும். இன்னொண்ணு, நிறைய டெர்மினல்ல தமிழ் எழுத்து உடைஞ்சு, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாத் தெரியும், கடை மிஷின்ல ஓட்டிப் பாத்துட்டு வைங்க. கடை கீபோர்டுல தமிழ் டைப் பண்ண மாட்டாங்க, பதிலுக்கு நம்பர் வைக்கிறதுதான் சவுரியம்.

உங்க டூலுக்கு நானா இருந்தா இப்படி எழுதுவேன்: "பேக்கப் ஃபெயில் ஆனா, எரர் நம்பரும் டூல் வெர்ஷனும் மட்டும் எங்க சர்வருக்கு அனுப்பலாமா? பில், கஸ்டமர் பேரு, தொகை எதுவும் போகாது. 1 அனுப்பு, 2 அனுப்பாத, 3 என்ன போகும்னு மொதல்ல காட்டு. சும்மா எண்டர் தட்டுனா அனுப்ப மாட்டோம். அப்புறம் மாத்திக்க டெலிமெட்ரி கமாண்ட்." அந்த 3 அடிச்சா நெஜமாவே அனுப்பப் போற அதே ஃபைல காட்டணும், அழகுபடுத்தின சாம்பிள் வேணாம். எரர் மெசேஜ் முழுசா அனுப்பாம நம்பர் மட்டும்னு நான் சொல்றதுக்கும் காரணம் இருக்கு, மெசேஜ்குள்ள ஃபைல் பாத் வரும், பாத்துக்குள்ள கடைக்காரர் பேரு இருக்கும். இந்தக் கேள்விய மொத ரன்ல, பேக்கப்புக்கு முன்னாடி மறிச்சு கேக்காதீங்க, அவரு அவசரத்துல இருப்பாரு, பேக்கப் நல்லபடியா முடிஞ்சு, மனசு நிதானமா இருக்கும்போது கேளுங்க. ஆமா சொல்றவங்க குறைவாத்தான் வருவாங்க, பத்து பேருல ரெண்டு பேரு சொன்னாலும் அந்த ரெண்டு நெஜம், அத வச்சு வேலை பாக்கலாம்.

கேள்விய ப்ரிண்ட் பண்ணதும், படிக்கிறதுக்கு முன்னாடி, பஃபர்ல ஏற்கெனவே காத்துக்கிட்டு இருக்குற கீய எல்லாம் கொட்டிடுங்க, லினக்ஸ்ல டிசிஃப்ளஷ்னு ஒரு கால் இருக்கு, டெர்மினல் இருந்தா மட்டும். விண்டோஸ் மிஷின்னா கீ காத்திருக்கான்னு பாத்து பாத்து ஒவ்வொண்ணா எடுத்து வீசணும், அவ்ளோதான்.

அந்த எம்.சி. ரோட்டு கடைக்கு நான் ஸ்க்ரிப்ட திருப்பி எழுதி எடுத்துட்டுப் போனப்போ, இந்த தடவ ரிமோட் கிமோட் எதுவும் வேணாம்னு நேர்லயே போய் நின்னேன். கேள்வி ஸ்கிரீன்ல வந்ததும் பில்லிங் அக்கா என்ன ஒரு மாதிரி பாத்துட்டு, வேணும்னே ரேக்குல இருந்து ஒரு பாவாடைய உருவி ஸ்கேனர்ல காட்டினாங்க. "104862 புரியல, எதையும் அழிக்கல"ன்னு வந்துச்சு. இன்னொரு தடவ காட்டினாங்க, அதே பதில் வந்து ஸ்க்ரிப்ட் தானா மூடிக்கிச்சு. "இப்ப சர்தான், போய் மொதலாளியாண்ட சொல்லிட்டு டீ குடி"ன்னாங்க.